நைனாவின் ஆயாசம்

1

இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்ப்பவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பணம் கட்டினால் மட்டும் போதாது, ஐந்து சின்னக் கட்டுரைகளும் எழுதித் தர வேண்டும். வேலையில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லி, அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய், இனிமேல் எப்படி நடந்துகொள்வாய் என்று விளக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் 'நான் முதலமைச்சர் ஆனால்' என்று பக்கம் பக்கமாக அளந்துவிட்ட கை எனக்கு. அதனால் அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை.

இந்த முறை நான்கு கட்டுரைகளைச் சுலபமாக முடித்துவிட்டேன். ஐந்தாவதாக, போன வருஷம் திருப்பதியில் நடந்ததை எழுதினேன். எங்கள் வார்டு மேலாளர் ஹெலன் அதைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "ரொம்ப நன்றாக இருக்கிறது வசந்தி. ஆனால் இதில் நீ நர்ஸ் இல்லையே, நோயாளியின் மகள்தானே? இது கணக்கில் சேராது" என்றாள்.

விதிப்படி அவள் சொன்னது சரிதான். எனக்குத்தான் சுர்ரென்று கோபம் வந்தது. பதினெட்டு வருஷத்தில் நர்ஸ் வேலையைப் பற்றி நான் எழுதியதிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். சரி போ என்று கை கழுவுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், உடனே ஏற்றுக்கொண்டார்கள். சேராமல் போனதை இங்கே தமிழில் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்காவது சேரட்டும்.

2

என் நைனா, அதாவது அப்பா, முனிரத்தினம் சித்தூரில் அரசு பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் நகரி. வாழ்நாளில் பாதியைச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே, பாகாலா வழியாகப் போய்வருவதிலேயே கழித்தவர். அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று எல்லோரிடமும் சொல்லுவார். அப்பேர்ப்பட்டவர் பாகாலாவில் பழைய நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது பஸ்ஸிலிருந்து இறங்கும் படியில் தவறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு முறிந்ததைவிட அவமானம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. "நான் வியல மா, அந்த டிரைவரு பிரேக்க தப்பா புடிச்சான்" என்றுதான் போனில் ஆரம்பித்தார்.

அம்மா போய் ஆறு வருஷமாகிறது. நான் ஒரே பிள்ளை. அடுத்த விமானத்தைப் பிடித்தேன். கல்லூரி விடுமுறையில் இருந்த என் மகள் இனியாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு வர மனமே இல்லை. "தாத்தா பேசுவதில் பாதி எனக்குப் புரியாது அம்மா, நான் வந்து என்ன செய்ய?" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இங்கே சனிக்கிழமைதோறும் தேவாலய மண்டபத்தில் நடக்கும் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். வீட்டில் என் கணவர் பேசுவது தஞ்சாவூர்த் தமிழ். இரண்டும் சேர்ந்து இவள் புத்தகம் மாதிரி பேசுவாள். "தாத்தா, உங்களுக்கு நீர் வேண்டுமா?" என்பாள். நைனா அசந்துபோவார். "பாப்பா ரேடியோ நியூஸ் கணக்கா பேசுது" என்று ரசிப்பார். அவர் "இன்னா கண்ணு, துன்னியா?" என்று கேட்டால் இவள் என் முகத்தைப் பார்ப்பாள்.

நாங்கள் திருப்பதி போய்ச் சேருவதற்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்திருந்தது. எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றை வைத்திருந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. எனக்கு மிச்சமிருந்தது அட்டைப் பிரச்சினைதான். நைனாவின் சுகாதார அட்டையில் தெலுங்கு வழக்கப்படி முனிரத்னம். ஆதாரில் முனிரத்தினம். இரண்டும் ஒரே ஆள் இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. கீழே உதவி மேஜையில் இருந்தவரிடம் தெலுங்கில் விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன், முதலில் வந்தது 'சாரி', பிறகு 'ப்ளீஸ்'. கேட்டதும் அவர் மரியாதையாக ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். பிறந்து வளர்ந்த ஜில்லாவில் இதைவிடப் பெரிய அடி வேண்டுமா?

3

ஒரு நர்ஸ் இன்னொரு வார்டில் சும்மா உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. சொட்டு மருந்து இறங்கும் வேகத்தைக் கண் தானாக அளக்கும். பக்கத்துப் படுக்கைக்காரரின் சிறுநீர்ப் பையைப் பார்க்கும். இங்கிலாந்தில் எங்கள் வார்டில் ஒவ்வொருவருக்கும் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், நினைவு எல்லாவற்றையும் கருவியில் பதிந்தால், அதுவே கூட்டி ஓர் எண்ணைக் காட்டும். எண் ஏறினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். எனக்கு அந்த முறையின் மேல் மதிப்பு உண்டு. அதே பழக்கத்தில் நைனாவிடம் கேட்டேன்.

"நைனா, வலிக்குப் பத்துக்கு எத்தினி மார்க்கு போடுவ?"

"நான் எதுக்குமா மார்க்கு போடணும்? டாக்டரு போடட்டும்."

"இல்ல நைனா. வலியே இல்லன்னா சைபர். தாங்கவே முடியலன்னா பத்து."

"அப்போ நாலு போட்டுக்கோ. பாஸானா போதும்."

அந்த நேரத்தில்தான் பத்மஜா வந்தாள். முப்பது வயசு இருக்கும். சொந்த ஊர் பாகாலா. குரல் வார்டு முழுக்கக் கேட்கும், நடை ஓட்டம் மாதிரி இருக்கும். வந்ததும், "தாத்தா, நொப்பி எப்பிடி கீது? லாகுதா, மண்டுதா, பொடுசுதா?" என்றாள். வலி எப்படி இருக்கிறது, இழுக்கிறதா, எரிகிறதா, குத்துகிறதா என்று பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகக் கேட்கிறாள். நைனா முகம் மலர்ந்துபோனார். "நேத்திக்கெல்லாம் லாகிக்கினே இருந்துச்சி சிஸ்டர். இப்போ அது இல்ல, ஓரமா மண்டுது" என்றார்.

எரிகிறது என்றதும் அவள் போர்வையை விலக்கிக் கட்டின் ஓரத்தைப் பார்த்தாள். புண்ணில் ஒன்றுமில்லை. பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் தோல் சிவந்து சின்னதாக ஒரு கொப்புளம். அதை மெதுவாக ஈரப்படுத்தி எடுத்துவிட்டு வேறு மாதிரி ஒட்டினாள். அப்படியே குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள், கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தாள், முதுகின் கீழே கையை விட்டுப் பார்த்தாள். நாலு மார்க்கை வைத்துக்கொண்டு நான் இதில் எதைக் கண்டுபிடித்திருப்பேன்?

பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்த்து முடித்த பிறகும் கையை விடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் திரும்பி, "அக்காவும் நர்ஸா?" என்றாள்.

"ஆமா. எப்பிடி கண்டுபுடிச்ச?"

"நான் நாடி பாத்தா எல்லாரும் என் கையத்தான் பாப்பாங்க. நீங்க மட்டும் தாத்தா வயித்த பாத்தீங்க."

மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் எந்த நோயாளியும் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதைத்தான் எண்ணுவோம். உலகத்தில் எல்லா நர்ஸ்களும் செய்கிற சின்னத் திருட்டு இது. அன்று முதல் பத்மஜாவுக்கும் எனக்கும் ஒட்டிக்கொண்டது. நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். நைனா அவளிடம் நன்றாகத் திட்டும் வாங்கினார். நுரையீரலுக்குப் பயிற்சியாக மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொடுத்திருந்தார்கள். மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே எழும்ப வேண்டும். நைனாவுக்கு ஒன்றரைப் பந்துதான் எழும்பியது. "திருமலை காட்ரோடு கணக்கா ஏத்தமா கீது சிஸ்டர், செகண்ட் கியர்லதான் போவுது" என்பார். "கியரெல்லாம் அப்பறம் மாத்தலாம். மூணு பந்தும் ஏறாம சாப்பாடு வராது" என்பாள் அவள்.

4

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலையில் அட்டை விஷயமாக என்னைக் கீழே கூப்பிட்டார்கள். வார்டில் நோயாளிக்கு ஒருவர்தான் இருக்கலாம், ஒரு பாஸ்தான். பாஸை இனியாவின் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனேன். நான் இல்லாதபோது நடந்ததை அவளும் பத்மஜாவும் சொல்லித்தான் தெரியும்.

நைனா கண்ணை மூடிப் படுத்திருந்தார். கொஞ்சம் கழித்து, "பாப்பா, ஆயாசமா கீது" என்றாராம்.

இனியாவுக்கு ஒரே சந்தோஷம். வந்ததிலிருந்து தாத்தா சொன்னதில் அவளுக்கு முழுசாகப் புரிந்த முதல் வார்த்தை அதுதான். ஆயாசம் என்றால் களைப்பு. தமிழ்ப் பள்ளிப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். "ஓய்வெடுங்கள் தாத்தா" என்று சொல்லி, அவர் நன்றாகத் தூங்கட்டும் என்று கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள், திரையை மூடினாள். நைனா விட்டுவிட்டார். பேத்தி இவ்வளவு அன்பாகச் செய்வதை எப்படித் தடுப்பது என்று இருந்திருப்பார். அந்த நேரத்தில் தடுக்கிற அளவு மூச்சும் அவரிடம் இருந்திருக்காது.

பத்மஜா மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இனியா எழுந்துபோய், "தாத்தா களைப்பாக இருக்கிறார். தூங்கட்டும். பிறகு வருகிறீர்களா?" என்றாள். பத்மஜாவுக்குக் காலையில் அத்தனை படுக்கை பாக்கி. ஒருவர் தூங்குகிறார் என்றால் எந்த நர்ஸும் சந்தோஷமாக அடுத்த படுக்கைக்குப் போவாள். நானும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன்.

அவள் போகவில்லை. "களைப்புன்னு தாத்தா சொன்னாரா? அது அவரு பேசற பேச்சு இல்லியே. அவரு வாயில இன்னா வந்துச்சி? அத்த அப்பிடியே சொல்லு" என்றாள்.

இனியா அதே குரலில் சொல்லிக் காட்டினாள். "ஆயாசமா கீது."

பத்மஜா வண்டியை அப்படியே விட்டுவிட்டுத் திரையை விலக்கினாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தமிழில் ஆயாசம் என்றால் களைப்பு. தெலுங்கில் அதே ஆயாசம் என்றால் மூச்சு வாங்குவது, மூச்சுத் திணறல். நகரியில் பிறந்து, தெலுங்குக்காரர்களோடு டீ குடித்து, தெலுங்கில் சண்டை போட்டு, தெலுங்கு டிரைவர்களோடு டிப்போவில் தூங்கியவர் என் நைனா. அவருடைய ஆயாசம் எந்தப் பக்கத்து ஆயாசம் என்று பத்மஜாவுக்குத் தெரியும். அவர் தன் பேத்தியிடம், எனக்கு மூச்சு விட முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

நான் மேலே வந்தபோது வாசல் காவலாளி விடவில்லை. உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாராம். நானும் நர்ஸ்தான் என்றேன். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க மேடம்" என்றார். அவரோடு மல்லுக்கு நிற்கும்போதே கதவைத் திறந்துகொண்டு இனியா வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. பாஸைக் கழற்றி என் கையில் வைத்தாள். உள்ளே ஓடினேன்.

நைனாவை நிமிர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், நெற்றியெல்லாம் வேர்வை, உதடு சாம்பல் நிறம். இடது கெண்டைக்கால் வலதைவிடத் தடித்திருந்தது. பத்மஜா ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு, மறு கையில் போனைப் பிடித்து டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். யார், என்ன ஆபரேஷன், எத்தனையாம் நாள், மூச்சு எவ்வளவு, ஆக்சிஜன் அளவு எவ்வளவு, எந்தக் கால் வீங்கியிருக்கிறது என்று வரிசையாகச் சொன்னாள். பேச்சில் ஒரு தடுமாற்றம் இல்லை. கடைசியில், "நுரையீரல்ல ரத்தக்கட்டி போயிருக்குமோன்னு பயமா கீது சார், வெண்ட்டனே ரண்டி" என்று முடித்தாள். உடனே வாருங்கள் என்று அர்த்தம். பயமாக இருக்கிறது என்று சொன்ன குரலில் பயமே இல்லை. அந்த நிமிஷத்திலும் அதைக் கவனித்து வியந்தேன். தொழில் புத்தி போகாது.

மாஸ்க்கின் ஓரம் கொஞ்சம் விலகியிருந்தது. என் கை தானாக அதைச் சரிசெய்யப் போனது. பத்மஜா என் பக்கம் திரும்பாமலே, "அக்கா, நீங்க நைனா கைய புடிச்சிக்கோங்க. மத்தது நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அதுவரை அவள் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். எனக்காக நைனா என்றாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பயம் அப்போதுதான் எனக்கு முழுசாக வந்தது. இந்த மனுஷன் போய்விட்டால் என்னை 'இன்னாமா' என்று கேட்க உலகத்தில் ஆள் இல்லை.

5

ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது, காலில் உறைந்து நுரையீரலுக்கு ஏறியது. ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். நல்ல நேரத்தில் பிடித்துவிட்டோம், தலையைத் தாழ்த்தியே தூங்கவிட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் தெலுங்கில்தான் சொன்னார். ஆனால் இனியாவுக்கு அது புரிந்துவிட்டது. இப்படிப்பட்ட செய்திகளுக்கு மட்டும் மொழி தடையாக இருப்பதில்லை.

ஐசியூவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அவள் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். "நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேன் அம்மா. பரீட்சையில் அதற்கு மதிப்பெண் கொடுத்தார்கள். நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேன்."

பதினோரு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை அவளை இழுத்துக்கொண்டு போய்த் தமிழ் படிக்கவைத்தவள் நான். வீட்டில் நைனா பேச்சு என் வாயிலிருந்து எப்போது காணாமல் போனது என்று எனக்கே தெரியாது. என் ஊர்த் தமிழைக் கேட்டால் என் கணவரின் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துச் சிரித்தே அது போய்விட்டது. யார் மேலாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது, யாருமே அகப்படவில்லை. காசைத் தின்றுவிட்டுக் காபி தராத மெஷினைத் திட்டினேன்.

டூட்டி முடிந்து பத்மஜா கைப்பையை மாட்டிக்கொண்டு வந்தாள். நேராக வந்து இனியா பக்கத்தில் உட்கார்ந்தாள். இனியா அவளைப் பார்த்ததும், "என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா" என்று அழ ஆரம்பித்தாள்.

"எதுக்குமா மன்னிப்பு? நீ சொன்னது தமிழ்ல கரெக்டுதான்."

"நான் கட்டிலைத் தாழ்த்தினேன்."

"தாழ்த்துன. அப்பறம் நான் கேட்டப்போ இன்னா சொன்ன? 'அதான் சொன்னேனே, டயர்டு'ன்னு சொல்லியிருந்தா நான் வண்டிய தள்ளிக்கினு போயிருப்பேன். நெறைய பேரு அப்பிடித்தான் சொல்வாங்க. நீ தாத்தா சொன்னத அப்பிடியே சொன்ன. 'கீது'ன்னு கூட சொன்ன." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அர்த்தத்த நாங்க பாத்துக்கறோம்மா. எங்களுக்கு அவரு வார்த்த வேணும்."

எனக்குத் தெரியாத எதுவும் பத்மஜாவுக்குத் தெரியாது. இரண்டு பேரும் படித்தது அதே பாடம்தான். நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே குறித்துக்கொள் என்று முதல் வருஷத்திலேயே சொல்லித்தருவார்கள். ஆனால் பாதி வார்டு பாக்கி இருக்கும்போது, கை நிறைய மருந்தோடு நின்று, 'அவர் இப்படிப் பேசமாட்டாரே' என்று சந்தேகப்பட ஒரு மனசு வேண்டும். ஒரு நோயாளி எப்படிப் பேசுவார் என்று இரண்டு நாளில் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்கு எந்தக் கருவியும் எண் தராது. எனக்கு அவள் மேல் பொறாமைகூட வந்தது. நல்ல பொறாமைதான்.

இங்கே எங்கள் வார்டில் ஆங்கிலம் தெரியாத நோயாளி வந்தால் போனில் மொழிபெயர்ப்பாளரை அழைப்போம். "களைப்பாக இருக்கிறாராம்" என்பார், நாங்களும் எழுதிக்கொள்வோம். இப்போதெல்லாம் நான் விடுவதில்லை. அவர் சொன்ன வார்த்தை எது, அதற்கு வேறு அர்த்தம் உண்டா, அவர் ஊரில் அதை எப்போது சொல்வார்கள் என்று குடைவேன். மொழிபெயர்ப்பாளர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் என் பேரைக் கேட்டாலே பெருமூச்சு விடுகிறாராம். விடட்டும்.

6

நைனாவை மறுபடி வார்டுக்குக் கொண்டுவந்தபோது காவலாளி மனமிரங்கி எங்கள் இரண்டு பேரையும் உள்ளே விட்டார், ஆனால் இனியா கட்டிலுக்குக் கிட்டவே போகவில்லை. எட்டி நின்று பார்த்தாள். அவர் கையை நீட்டியபோது வந்து தொட்டுவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் போய்விட்டாள். கிழவருக்கு அது வருத்தம். "பாப்பாவுக்கு என் மேல கோவமா?" என்று என்னைக் கேட்டார். "இல்ல நைனா, பயம்" என்றேன்.

இரண்டு நாள் ஐசியூவில் இருந்ததில் அவர் இளைத்துப்போயிருந்தார். ஒரு வாய் கஞ்சி உள்ளே போகவில்லை. மூச்சு சரியாகிவிட்டாலும் சாப்பிடாமல் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பத்மஜா டூட்டிக்கு வந்ததும் முதலில் இங்கேதான் வந்தாள். "எப்பிடி கீது தாத்தா?" என்றாள்.

நைனா முகத்தில் இருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார். பிறகு மெதுவாக, "ஆகலேஸ்தா உண்டாதி" என்றார்.

பத்மஜாவின் கண் பளிச்சென்றது. பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "இனியா, தாத்தா இன்னா சொன்னாரு?"

எனக்கு அர்த்தம் தெரியும். சொல்லிவிடாமல் வாயை மூடிக்கொண்டேன்.

இனியா ஒவ்வோர் அடியாகக் கிட்டே வந்தாள். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தாத்தாவின் வாய்க்குப் பக்கத்தில் குனிந்தாள். "இன்னொரு முறை சொல்லுங்கள் தாத்தா."

அவர் சொன்னார். அவள் நிமிர்ந்து, ஓர் எழுத்தையும் விடாமல், வார்டு முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னாள். "ஆகலேஸ்தா உண்டாதி. இப்படித்தான் சொன்னார். எனக்கு அர்த்தம் தெரியாது. தெரியவே தெரியாது. இது ஆபத்தா அக்கா?"

"ரொம்ப ஆபத்துமா" என்றாள் பத்மஜா. "தாத்தாவுக்குப் பசிக்குதாம்."

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்தார், அவர் மனைவி சிரித்தார், நைனா மாஸ்க்குக்குள்ளேயே சிரித்தார், நான் சிரித்துக்கொண்டே அழுதேன். இனியா மட்டும் சிரிக்கவில்லை. அவள் இட்லி வாங்கிவர ஓடிக்கொண்டிருந்தாள்.